எங்கள் தெருவுக்கு நாங்களே சுகாதாரச் செய்தி சொல்லலாமா?

வியாசர்பாடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: கொரோனா சமயத்தில் நண்பர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து எங்கள் பகுதிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு நடத்தினோம், அதை நிரந்தரமாக ஏதாவது செய்ய ஆசை, சமூக வானொலி ஆரம்பிக்கலாமா, யூடியூப் போதுமா, எங்களில் யாரும் டாக்டர் இல்லை, இன்னொரு பெருந்தொற்று வந்தால் எங்களால் பிரயோஜனம் இருக்குமா, இல்லை நாங்களும் வதந்தி பரப்பும் ஆட்களாகிவிடுவோமா? வானொலியா யூடியூபா என்பது இதில் சின்ன விஷயம், அதற்குக் கடைசியில் வருகிறேன். உங்களை உறுத்துவது வேறு என்று எடுத்துக்கொள்கிறேன். மருத்துவம் படிக்காத நாலு பேர் தங்கள் தெரு மக்களிடம் நோயைப் பற்றிப் பேசலாமா, பேசினால் எதுவரை பேசலாம்?

பேசலாம். பேசியே ஆக வேண்டும் என்றுகூடச் சொல்வேன். நானும் டாக்டர் இல்லை. மக்கள் தொடர்பியல் படித்தேன், கொஞ்ச காலம் சமூக வானொலிக்கு நிகழ்ச்சி தயாரித்தேன், அப்புறம் பல வருடங்களாக வடசென்னையில் சுகாதார விழிப்புணர்வு வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: என்ன மருந்து சாப்பிடுவது என்று சொல்வது உங்கள் வேலை இல்லை. எங்கே போவது, எத்தனை மணிக்குப் போவது, காசு கேட்பார்களா, போனால் நமக்கு என்ன ஆகும் என்று சொல்வது உங்கள் வேலை. இன்னொரு பாதியும் இருக்கிறது, அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தெருவில் கிளம்பும் கேள்விகளைச் சேகரித்து, பதில் சொல்லக்கூடியவரிடம் கொண்டுபோய், வாங்கிக்கொண்டு திரும்பி வருவது.

2020 மார்ச்சில் யாருக்குப் போன் போட்டாலும் முதலில் இருமல் சத்தம் கேட்டது நினைவிருக்கும். கையைக் கழுவுங்கள், இடைவெளி விடுங்கள் என்று ஒரு குரல் வரும். சென்னையில் காவலர்கள் கொரோனா வடிவ ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சிக்னலில் நின்றார்கள். தினமும் சாயங்காலம் சுகாதாரத் துறையின் அறிக்கை வந்தது. மண்டல வாரியாக எத்தனை பேர் என்று டிவியில் ஓடியது, ராயபுரம், தண்டையார்பேட்டை, திரு.வி.க. நகர் என்று நம் பக்கத்துப் பெயர்கள்தான் மேலே நிற்கும். தகவலுக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஜூனில், காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா என்னிடம் கேட்டது இது: "காய்ச்சல் கேம்புக்குப் போனா மூக்குல குச்சி வுட்டு டெஸ்ட் எடுப்பாங்க. வந்துடுச்சின்னா கூட்டிட்டுப் போயிடுவாங்க. எத்தினி நாளு வெச்சிருப்பாங்க? பொண்ணு தனியா கெடப்பா, யாரு பாத்துப்பா? வீட்டு வாசல்ல தகரம் அடிச்சிடுவாங்களாமே, அப்புறம் யாரு எங்கிட்ட மீன் வாங்குவா?"

இந்தக் கேள்வி ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது. அறிகுறி லேசாக இருந்து, தனி அறையும் தனிக் கழிப்பறையும் இருந்தால்தான் வீட்டுத் தனிமை. ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீடு, பொதுக் கழிப்பிடம் என்றால் கவனிப்பு மையத்துக்குப் போக வேண்டியிருக்கும். அண்ணா பல்கலைக்கழக விடுதிகள், நந்தம்பாக்கம் வர்த்தக மையம் போன்ற இடங்களை அப்படி மாற்றியிருந்தார்கள். தனிமையில் இருக்கும் வீடுகளுக்குச் சாமான் வாங்கித் தர மாநகராட்சி தன்னார்வலர்களை வைத்திருந்தது. இதெல்லாம் தெரிந்தால் அந்த அம்மா முகாமுக்குப் போவதா வேண்டாமா என்று யோசித்து முடிவெடுத்திருப்பார். தெரியாததால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு கூடையைத் தூக்கினார். "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவருக்கு நோயைப் பற்றி நன்றாகவே தெரிந்திருந்தது. டெஸ்ட்டுக்குப் போனால் தன் வீடு என்ன ஆகும் என்பதுதான் தெரியவில்லை.

இதை எப்படிச் செய்வது என்று கேட்டால், கேள்வி வரும் இடங்களைப் பிடியுங்கள். தண்ணி லாரி வரும் நேரம், ரேஷன் கடை வரிசை, இட்லிக் கடை, அங்கன்வாடி வாசல். கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதுங்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவ அலுவலரிடமோ செவிலியரிடமோ வாரம் ஒருமுறை அந்தத் தாளோடு போய் உட்காருங்கள். அவர்களுக்கு நேரம் இருக்காது, உண்மைதான். ஆனால் "ஒரு மெசேஜ் கொடுங்க மேடம், பரப்பறோம்" என்று போவதும், "எங்க ஏரியாவுல இந்த நாலு விஷயத்துக்குப் பயந்துதான் யாரும் வரல மேடம்" என்று போவதும் ஒன்றில்லை. இரண்டாவதற்கு அவர்கள் நேரம் ஒதுக்குவார்கள், ஏனென்றால் அது அவர்கள் வேலையையும் சுலபமாக்குகிறது.

திரும்பி வந்து நீங்கள் சொல்லும் செய்தி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, ஒரு நிமிடக் குரல் பதிவு ஒன்றை மாதிரிக்கு எழுதுகிறேன். "நம்ம அங்கன்வாடி பக்கத்துல நாளைக்கு, வியாழக்கிழமை, காலைல 9 மணியிலேர்ந்து 12 மணி வரைக்கும் காய்ச்சல் கேம்ப். காசு கிடையாது. டெஸ்ட் எடுத்தா ரிசல்ட் வர ரெண்டு நாள் ஆகலாம். அதுவரைக்கும் வேலைக்குப் போக வேணாம்னு சொல்லுவாங்க, அதையும் இப்பவே சொல்லிடறோம். மூச்சு வாங்குச்சின்னா கேம்புக்காகக் காத்திருக்காதீங்க, உடனே 108க்குப் போன் போடுங்க. இதைக் கேட்டுச் சொன்னது நம்ம ஹெல்த் சென்டர் நர்சம்மாகிட்ட. இன்னிக்கு புதன்கிழமை, சாயங்காலம் 6 மணி." அவ்வளவுதான். இதில் இடம், நேரம், காசு, அப்புறம் என்ன நடக்கும், எப்போது காத்திருக்கக் கூடாது, யார் சொன்னது, எப்போது சொன்னது எல்லாம் இருக்கிறது. வேலைக்குப் போக முடியாது என்ற வரியை வெட்டிவிடச் சொல்லி உங்களிடம் யாராவது கேட்பார்கள், கூட்டம் குறையும் என்று. வெட்டாதீர்கள். அன்றாடக் கூலிக்காரரிடம் அதை மறைத்துக் கூட்டிப் போனால் அடுத்த முகாமுக்கு அந்தத் தெருவே வராது.

நேரம், தேதி சொல்வதை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. புதிய நோயில் அறிவுரை மாறும். 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமே இது காற்றில் பரவும் நோய் இல்லை என்று அடித்துச் சொன்னது. காற்றோட்டமில்லாத இடங்களில் காற்றில் மிதந்தும் பரவும் என்று 2021-ல்தான் தெளிவாக ஏற்றது. பொதுமக்கள் முகக்கவசம் அணிவது பற்றிய அதன் பரிந்துரையும் 2020 ஜூனில் மாறியது. நம் ஊரிலேயே பாருங்கள்: அந்த ஏப்ரல் தொடக்கத்தில் சந்தை வாசலில் கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கப் பாதை வைத்து, மக்களை அதற்குள் நடக்கவிட்டார்கள், சில நாட்களிலேயே தமிழகப் பொது சுகாதாரத் துறை அதை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆட்கள்மேல் அந்த மருந்தைத் தெளிப்பதால் கெடுதல்தான். இப்படி மாறும்போது, தேதி போடாத பழைய போஸ்டர் சுவரிலும் போனிலும் கிடந்து புதிய செய்தியோடு மல்லுக்கு நிற்கும். மக்கள் "நேத்து ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க" என்று கோபப்படுவது நியாயம். "நேற்று அப்படி நினைத்தார்கள், இன்று இந்தக் காரணத்தால் மாற்றிச் சொல்கிறார்கள்" என்று காரணத்தோடு சொன்னால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள்.

அதனால் ஒரு செய்தி கையில் வந்தவுடன், இது உறுதியானதா, இன்னும் தெளிவாகாததா, நமக்குச் சம்பந்தமில்லாததா என்று பிரித்துக்கொள்ளப் பழகுங்கள். கொரோனாவில் சிலவற்றை அடித்துச் சொல்லலாம். சோப்பு அந்தக் கிருமியின் கொழுப்புறையை உடைக்கும், சாதாரண துணி சோப்பே போதும். ஜன்னல் கதவைத் திறந்து வைப்பது நல்லது. தடுப்பூசி போட்டவருக்கும் நோய் வரலாம், ஆனால் உயிருக்கு ஆபத்தாகும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரி, அதில் பேச்சே இல்லை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே போனால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதும் சரியான அறிவுரைதான். ஆனால் அந்தக் கருவி கறுத்த தோலில் சிலசமயம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்று 2020 டிசம்பரில் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு சொன்னது. நம் மக்களுக்கு இது முக்கியம். எண் 95 இருந்தாலும் ஆள் பேசும்போது மூச்சு வாங்கினால் எண்ணை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

கபசுரக் குடிநீர் பற்றி உங்களிடம் கட்டாயம் கேட்பார்கள். 2020 ஏப்ரலில் தமிழக அரசே 'ஆரோக்கியம்' திட்டத்தில் கொடுத்தது, தெருமுனையில் அண்டா வைத்து ஊற்றினார்கள். அரசு சொன்னது எதிர்ப்பு சக்திக்காக என்று; தெருவுக்கு வந்து சேர்ந்தபோது அது கொரோனாவுக்கு மருந்தாகிவிட்டது. இந்த இடத்தில் சித்த மருத்துவத்தை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்ற சண்டைக்குள் போகாதீர்கள், அது உங்கள் வேலையில்லை. "குடிக்கிறவங்க குடிங்க, ஆனா அதைக் குடிச்சிட்டோம்னு டெஸ்டையும் மாஸ்கையும் விடாதீங்க, மூச்சு வாங்குனா கஷாயம் காய்ச்சிட்டு இருக்காதீங்க" என்ற அளவில் நிறுத்தினால் யார் மனமும் நோகாது, உயிருக்கும் பாதகமில்லை.

சரி, வதந்தி. 2021 ஏப்ரல் 15-ஆம் தேதி நடிகர் விவேக் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் எல்லோர் முன்னிலும் தடுப்பூசி போட்டுக்கொண்டார், மற்றவர்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். 17-ஆம் தேதி மாரடைப்பால் இறந்துபோனார். அந்த வாரம் நான் போன தெருக்களில் தடுப்பூசிப் பேச்சை எடுக்கவே முடியவில்லை. தடுப்பூசிக்குப் பிந்தைய விளைவுகளை ஆராயும் மத்தியக் குழு, அவர் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று சொன்னது, ஆனால் அது அக்டோபரில் வந்தது. நடுவில் இரண்டாம் அலை ஆளை அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. அந்த ஏப்ரலில் ஒரு தெருக்குழு என்ன சொல்லியிருக்கலாம்? "தொடர்பே இல்லை" என்று சொல்ல நம் கையில் ஆதாரம் இல்லை. "விசாரிக்கிறார்கள், முடிவு வந்ததும் சொல்கிறோம், மாரடைப்பு ஊசி போடாதவருக்கும் தினமும் வருகிறது, நம் சுகாதார நிலையத்தில் இதுவரை போட்டுக்கொண்டவர்களில் நமக்குத் தெரிந்த பாட்டி, ஆட்டோக்காரர், டீச்சர் எப்படி இருக்கிறார்கள் என்று அவர்களையே கேளுங்கள்" என்று சொல்லலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. தெரு மக்கள் நிபுணர் குழுவைவிடப் பக்கத்து வீட்டுப் பாட்டியின் கையைப் பார்த்து நம்புவார்கள், அந்த நம்பிக்கையில் தவறும் இல்லை.

வதந்தி நம்புகிறவரை மட்டம் தட்டும் மீம்ஸ் போடாதீர்கள். 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் சென்னையில் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. அதைச் செய்தவர்களை நான் நியாயப்படுத்தவில்லை, அது கொடுமை. ஆனால் புதைத்தால் மண் வழியாகவும் காற்று வழியாகவும் தெருவுக்கு வந்துவிடும் என்ற பயம் அதற்கு முன்பே பல நாளாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முறையாக மூடிப் புதைத்த உடலிலிருந்து பக்கத்துத் தெருவுக்குப் பரவாது என்பதை, அந்த மயானத்தைச் சுற்றி இருந்தவர்களிடம் அவர்களுக்குத் தெரிந்த முகம் ஒன்று போய் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். டிவியில் பேசிய நிபுணர் சொன்னது அங்கே எட்டவில்லை. பயம் கிளம்பும்போதே காதில் விழுவது உள்ளூர்க்காரருக்குத்தான், உங்களுக்கு இருக்கும் பெரிய பலம் அதுதான்.

திருத்தம் சொல்லும்போது பொய்யை முதலில் சொல்லி, அப்புறம் "இது உண்மையா?" என்று கேட்டு இழுக்காதீர்கள், பாதி கேட்டவர் மனதில் பொய் மட்டும் நிற்கும். உண்மையை முதல் வரியில் வையுங்கள். குழுவில் பொய் ஃபார்வர்ட் போட்டவரை எல்லோர் முன்பும் திட்டுவதைவிட, தனியாகப் போன் போட்டுப் பேசி, அவரையே திருத்தம் போட வைப்பது நூறு மடங்கு பலன் தரும். பல தடவை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு குழுவுக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது. வேகம் குறைந்தது, பொய் நிற்கவில்லை. குரல் பதிவாகப் புதிதாகச் சொல்லி அனுப்பினால் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வராதே.

2021 மே மாதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணம் உள்ளவர்களே அப்போது அதிகம் குழப்பினார்கள். படுக்கை இருக்கிறது, ஆக்சிஜன் சிலிண்டர் கிடைக்கிறது என்று வரும் எண்கள் காலையில் சரியாக இருந்து மதியம் செத்துப்போயிருக்கும். உயிருக்குப் போராடுகிறவரின் மகன் இருபது எண்ணுக்குப் போன் போட்டு நேரத்தைத் தொலைப்பார். நீங்களே அந்த எண்ணுக்குப் பேசி, எத்தனை மணிக்குப் பேசினோம் என்று எழுதாமல் ஒன்றையும் அனுப்பாதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி சரிபாருங்கள், இல்லாவிட்டால் அழித்துவிடுங்கள். அந்த மாதமே ரெம்டெசிவிர் என்ற மருந்துக்காகக் கீழ்ப்பாக்கத்தில் அரசு விற்ற இடத்தில் ராத்திரி பகலாக வரிசை நின்றது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த நோயாளிகளுக்கு அதைக் கொடுக்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது; 2022-ல் சிலவகை நோயாளிகளுக்குத் தரலாம் என்று மாற்றிக்கொண்டது. இதில் நீங்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை வாங்காதே என்று சொல்ல உங்களுக்கும் எனக்கும் தகுதி கிடையாது. எங்கே எந்த விலைக்கு அரசு விற்கிறது, கள்ள விலைக்கு வாங்கி ஏமாறாதீர்கள் என்று சொல்வது வரை உங்கள் எல்லை.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. யாருக்குத் தொற்று வந்தது என்ற பெயர், வீட்டு எண், போட்டோ எதுவும் உங்கள் வழியாகப் போகக் கூடாது. தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே வராதீர்கள் என்று கதவில் ஸ்டிக்கர் ஒட்டிய காலத்தில் அந்த வீட்டுக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குணமான பிறகும் வீட்டு வேலைக்குத் திரும்ப எடுக்கவில்லை, குழாயடியில் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். உரிய அதிகாரி ஆணையிடாமல் அப்படி ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. ஒட்டியதன் பலன், காய்ச்சல் வந்தவர்கள் ஒளித்தார்கள். உங்கள் குழுவில் ஒரே ஒரு பெயர் வெளியே போனாலும் அதற்குப்பின் உங்களிடம் யாரும் உண்மை பேச மாட்டார்கள்.

இதெல்லாம் பலன் தந்ததா என்றால், இங்கே நிச்சயமானதையும் நிச்சயமில்லாததையும் பிரித்துத்தான் சொல்ல வேண்டும். 2020 மே முதல் மாநகராட்சி ஏராளமான தொண்டு நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு, சென்னையின் ஏறக்குறைய இரண்டாயிரம் குடிசைப் பகுதிகளில் அந்தந்தப் பகுதித் தன்னார்வலர்களை வைத்து வீடு வீடாகப் பேச வைத்தது. வெளியாட்கள் கேட்டால் கதவை மூடிய வீடுகள் தெரிந்த முகத்துக்குத் திறந்தன. மறைத்த காய்ச்சலைச் சொன்னார்கள். இதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் தொற்று குறைந்தது இதனால்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே நேரத்தில் கோயம்பேடு சந்தையை மூடினார்கள், ஜூன் 19 முதல் ஜூலை 5 வரை கடும் ஊரடங்கு போட்டார்கள், காய்ச்சல் முகாம் தெருத் தெருவாக நடந்தது. எதனால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்தெடுக்க வழியில்லை. பேச்சால் செய்ய முடியாததும் நிறைய உண்டு. குடிக்கவே குடத்தில் அளந்து வைக்கும் வீட்டில் இருபது நொடி கை கழுவு என்று சொல்லி என்ன லாபம்? அங்கே உங்கள் ஊடகம் மக்களைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டு, வார்டு அலுவலகத்தைப் பார்த்து லாரி ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும். அதுவும் சுகாதாரச் செய்திதான்.

யார் பேசுவது என்பதையும் யோசியுங்கள். ஐந்தாறு நண்பர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், எல்லோரும் ஆண்கள் என்று தோன்றுகிறது. காய்ச்சலை முதலில் கவனிப்பது வீட்டுப் பெண்கள், பல வீடுகளில் போன் இருப்பது ஆணின் சட்டைப் பையில். மகளிர் சுயஉதவிக் குழு அக்காக்கள் இரண்டு பேராவது குழுவில் இல்லாமல் தொடங்காதீர்கள். துப்புரவு வேலை செய்யும் குடும்பங்களில் தெலுங்கு பேசுகிறவர்கள் இருப்பார்கள், கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத்தார் இருப்பார்கள். அவர்களுக்குள்ளேயே ஒரு குரலைத் தேடுங்கள். கானா பாடும் பசங்க இருந்தால் கூப்பிடுங்கள், வடசென்னையில் கொரோனா பற்றி எத்தனையோ கானா வந்தன, நம் காதுக்குப் பழகிய இசை அது. ஆனால் பறை அடித்து அறிவிக்க ஒருவரைக் கூலிக்கு நிறுத்தும் பழைய பழக்கம் வேண்டாம். தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லி 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு கடிதமே எழுதினார், வண்டியில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லலாம் என்று. பறையை அவர்களே கலையாக எடுத்து மேடையேறி வாசித்தால் அது வேறு, தாராளமாகச் செய்யட்டும்.

இப்போது கருவி. சமூக வானொலி நல்ல சாதனம், நான் அதில் வளர்ந்தவன். இந்தியாவிலேயே கல்லூரி வளாகத்திலிருந்து ஒலித்த முதல் சமூக வானொலி நம் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம், 2004-ல் தொடங்கியது. 2006-ன் இறுதியில் தொண்டு நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம் என்று மத்திய அரசு விதியை மாற்றியது. ஆனால் தனிநபருக்கோ நண்பர் குழுவுக்கோ உரிமம் கிடையாது. பதிவு செய்த லாப நோக்கமற்ற அமைப்பு, குறைந்தது மூன்று வருடச் சமூகப் பணி வேண்டும், ஒலிபரப்புத் திறன் பொதுவாக 100 வாட் வரைதான். சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பவும் அனுமதி இல்லை, அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே போடலாம். சுகாதார அறிவிப்பு, முகாம் தகவல் போன்றவற்றுக்குத் தடையில்லை. உங்களுக்கு இது நாளைக்கு ஆகிற காரியம் இல்லை. ஏற்கெனவே உரிமம் உள்ள கல்லூரி வானொலியை அணுகி, வாரம் பதினைந்து நிமிடம் எங்கள் பகுதிக்குக் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். யூடியூப் பார்க்கத் தேடி வர வேண்டும், டேட்டா வேண்டும். தொகுத்து வைக்க உதவும், அவசரத்துக்கு உதவாது. வாட்ஸ்அப் குரல் பதிவும், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஒரு கரும்பலகையும்தான் உங்களுக்கு முதல் கருவி. கரும்பலகைக்கு சார்ஜ் வேண்டாம், போன் இல்லாதவர் படிப்பார், படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் நிற்பவர் சொல்வார், முக்கியமாக அதைத் தினமும் அழித்து எழுதியாக வேண்டும். ஆட்டோவில் மைக் கட்டினால் காவல்துறை அனுமதி எழுத்தில் வாங்குங்கள். ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. பேரிடர் நேரத்தில் பீதி கிளப்பும் பொய்யான எச்சரிக்கை பரப்பினால் 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-ஆவது பிரிவில் ஒரு வருடம் வரை சிறை உண்டு. கேட்டு, எழுதி, யார் சொன்னது என்று குறித்து வைத்துப் பேசுகிறவர்கள் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் அந்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

தொற்று வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். யாரென்றே தெரியாத குரல் ஆபத்து நேரத்தில் வந்து பேசினால் எடுபடாது. தண்ணி லாரி எப்போது வரும், ரேஷனில் இந்த மாதம் என்ன இருக்கிறது, இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை இலவசம், குழாய்த் தண்ணீரில் சாக்கடை நாற்றம் வந்தால் யாரிடம் சொல்வது, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உப்புச் சர்க்கரைக் கரைசல் எப்படிக் கரைப்பது என்று சாதாரண நாளிலேயே பேசிப் பழகுங்கள். நீங்கள் சொன்ன நேரத்துக்கு லாரி வந்தால்தான் நீங்கள் சொல்லும் ஊசியை நம்புவார்கள்.

உங்கள் குழுவுக்கு நான் சொல்லும் முதல் வேலை டெங்கு. ஐப்பசியில் மழை இறங்குவதற்கு முன்னால், இந்த மாதமே, பகுதி செவிலியரைப் போய்ப் பாருங்கள். போன வருடம் எந்தத் தெருக்களில் காய்ச்சல் அதிகம், ரத்தப் பரிசோதனைக்கு எங்கே போக வேண்டும், மக்கள் எதனால் தாமதமாக வருகிறார்கள் என்று கேளுங்கள். நான்கு தெருவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் விட்ட பிறகும் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி என்ற ஒரு செய்தியை மழைக்காலம் முடியும் வரை சொல்லிக்கொண்டே இருங்கள். ஜனவரியில் அந்த நான்கு தெருவில் வீடு வீடாகப் போய், எங்கள் வழியாக என்ன கேட்டீர்கள், எதை நம்பவில்லை, எது புரியவில்லை என்று கேட்டு எழுதுங்கள். வானொலிக்கு விண்ணப்பிக்கலாமா என்பதை அந்தப் பதில்களைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்யலாம். அப்போது எழுதுங்கள், விண்ணப்பத்துக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று விவரமாகச் சொல்கிறேன்.